பாதுஷாவின் பேரப்பிள்ளைகள்

சரித்திரப் புத்தகங்களை நான் படிக்கும் முறை சற்றுக் கோணலானது. எந்தப் போரில் எத்தனை யானை, எத்தனை பீரங்கி என்ற கணக்குகளை வேகமாகத் தள்ளிவிட்டு, அந்த வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டியது யார் என்று தேடுவேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வருகிற வியாதி இது. பெரும்பாலும் தேடியது அகப்படுவதில்லை. தொட்டிலையும் பாலாடையையும் பற்றி எழுதுவது கௌரவக் குறைவு என்று நினைத்தவர்கள்தாம் அரண்மனைச் சரித்திரக்காரர்களில் அநேகம் பேர். ஆனால் மொகலாயர் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. அந்தக் குடும்பத்தாருக்கு எழுதுகிற பைத்தியம் இருந்தது. பாபர் தம் கதையைத் தாமே எழுதினார். அவருடைய மகள் குல்பதன் பேகம் தன் தமையன் ஹுமாயூனின் காலத்தைப் பற்றி எழுதினாள். கொள்ளுப் பேரர் ஜஹாங்கீர் ராஜ்ய பாரத்துக்கு நடுவே நாட்குறிப்பு எழுதினார்.

அந்த ஜஹாங்கீரின் நாட்குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. அவருடைய மகன் குர்ரம், பின்னாளில் ஷாஜஹான் என்று பெயர் பெற்றவன், பிறந்த சில நாட்களிலேயே அக்பரின் பட்டத்து ராணியான ருகையா பேகத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டான். ருகையாவுக்குக் குழந்தை இல்லை. தன் வயிற்றில் பிறந்த பிள்ளையிடம் வைத்திருக்கக்கூடிய அன்பைவிட ஆயிரம் மடங்கு அதிகமான அன்பை அவள் அவன்மீது வைத்தாள் என்று ஜஹாங்கீர் எழுதுகிறார். பெற்ற தகப்பன் எழுதுகிற வாக்கியம் இது. பெற்ற தாய் என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஜோத்பூர் ராஜகுமாரியான அந்த ஜகத் கோசாயினிக்கு அப்போது மடி காலியாகி ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

இது அக்பர் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. தைமூர் காலத்திலிருந்தே வந்தது. தைமூரின் மூத்த ராணி சராய் முல்க் கானம் தன் சக்களத்தியின் பேரனான உலுக் பேகைத் தானே வளர்த்தாள். சமர்க்கண்டில் வானசாஸ்திரக் கூடம் கட்டி நட்சத்திரங்களைக் கணக்கெடுத்த அதே உலுக் பேக்தான். அவருடைய மகன் அப்துல் லத்தீபும் தகப்பனிடம் வளரவில்லை. ஹீராத்தில் பாட்டி கௌஹர் ஷாத்திடம் வளர்ந்தான். அந்தப் பாட்டிக்கோ இன்னொரு பேரன்மீதுதான் அதிகப் பிரியம். தகப்பனுக்கு இன்னொரு மகன்மீது அதிகப் பிரியம். இரண்டு வீட்டிலும் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்த பிள்ளை அவன். 1449-ஆம் ஆண்டில் அவன் தன் தகப்பனாரைத் தோற்கடித்துக் கொல்லவும் செய்தான். நட்சத்திரங்களின் நடையை அவ்வளவு நுட்பமாகக் கண்டவர் தம் மகனுடைய முகத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தாரா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஏன் இந்த வழக்கம்? குழந்தையற்ற மூத்த ராணிக்கு ஆறுதல் என்பது ஒரு காரணம். பேரன் பாட்டனார் கண்ணெதிரில் வளர்ந்தால் வம்சத்தின் தலைவர் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இராது என்பது இன்னொரு காரணமாக இருக்க வேண்டும். தாய் வீட்டாரின் கை ஓங்காமல் இருப்பதற்கும் இது உதவியிருக்கும். நம் வீடுகளில் பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது மருமகள் சற்றுக் கண்ணயரட்டும் என்பதற்காக. அங்கே அதற்குள் ராஜ்யமும் புகுந்துவிட்டது.

இப்படிச் சொன்னதும், பாட்டியிடம் வளர்ந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நான் வாதாடப் போவதாக எண்ணிவிட வேண்டாம். அதற்கு நேர்மாறான சாட்சியம் அந்த வீட்டிலேயே இருக்கிறது. பாபர் பதினோரு வயதில் தகப்பனை இழந்தார். 1494-ஆம் ஆண்டில் அவருடைய தந்தை உமர் ஷேக் புறாக் கூண்டோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். பர்கானா என்ற சிறு ராஜ்யத்தைச் சுற்றிலும் அதைப் பிடுங்கக் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. அந்தப் பையனைக் காப்பாற்றியவள் தாயைப் பெற்ற பாட்டி ஐசான் தௌலத் பேகம். யோசனையிலும் உபாயத்திலும் அவளுக்கு ஈடான பெண்கள் மிகக் குறைவு என்றும், காரியங்கள் பெரும்பாலும் அவள் ஆலோசனைப்படியே நடந்தன என்றும் பாபர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மந்திரி பாபரை நீக்கிவிட்டுத் தம்பியை அரியணையில் ஏற்றச் சதி செய்தபோது, விசுவாசமான பிரபுக்கள் கூடி முடிவெடுத்தது பாட்டியின் முன்னிலையில்தான். மந்திரி வேட்டைக்குப் போயிருந்தான். செய்தி கேட்டு அப்படியே ஓடிப்போனான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாபரின் தாய் குத்லுக் நிகார் கானம் அந்தப் பாட்டியின் மகள். மாமியார் மருமகள் அல்ல, தாயும் மகளும். நாடு இழந்து அலைந்த நாட்களிலும் தாய் பெரும்பாலும் மகனோடுகூடவே சுற்றினாள். அந்தப் பையனுக்கு இரண்டு பெண்களிடமிருந்தும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். பாபரின் சுயசரிதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: மனிதர்களோடு பழகுவதில் அவருக்கு இருந்த சரளம் அபூர்வமானது. நண்பனின் கெட்ட கவிதையைக் கெட்டது என்பார். அவனையே நல்ல துணை என்றும் சொல்வார். எதிரியின் வீரத்தை மறைக்க மாட்டார். தம் வெட்கத்தையும் அழுகையையும்கூட மறைக்கவில்லை. யாரிடம் எதைச் சொன்னால் யாருக்குப் போய்ச் சேருமோ என்று கூசிக்கூசி வளர்ந்த பிள்ளை இப்படி எழுதமாட்டான்.

அக்பர் கதை வேறு. 1542-இல் பிறந்த அவர் ஒரு வயதில் தாய் தந்தையரைப் பிரிந்தார். ஹுமாயூன் பாரசீகத்துக்கு ஓடும்போது கைக்குழந்தையைப் பின்னால் விட்டுச் செல்ல நேர்ந்தது. குழந்தை சிற்றப்பா அஸ்கரியிடம் அகப்பட்டுக்கொண்டது. அஸ்கரியின் மனைவி அன்பாகவே பார்த்துக்கொண்டாள். பிறகு காபூலுக்கு அனுப்பப்பட்டபோது அங்கே இருந்தாள் கான்ஸாதா பேகம். பாபரின் தமக்கை, குழந்தைக்கு அத்தைப் பாட்டி. அந்தக் குழந்தையின் கையையும் காலையும் எடுத்து முத்தமிட்டு, இவை என் தம்பி பாபருடைய கைகால்களேதான் என்று அவள் சொல்வாளாம். குல்பதன் இதை எழுதியிராவிட்டால் நமக்குத் தெரிந்திராது. பகைவர் வீட்டில் பணயமாக வைக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு, நீ இன்னாருடைய பேரன் என்று கைகாலைத் தொட்டுச் சொல்ல ஒரு கிழவி இருந்தாள். 1545-இல் ஹுமாயூன் காபூலைப் பிடித்து, பிறகு தாய் ஹமீதா பானுவும் வந்து சேர்ந்தபோது, அந்தப்புரத்துப் பெண்கள் கூட்டத்துக்குள் அவளை அடையாளமில்லாமல் நிறுத்தினார்களாம். குழந்தை நேரே தாயிடம் போய்விட்டதாம். அபுல் பஸல் இதை அற்புதமாக வருணிக்கிறார். அபுல் பஸலுக்கு அக்பர் தும்மினாலும் அற்புதம்தான். ஆனால் குழந்தையிடம் தாயின் நினைவைப் பாட்டி அழிய விடவில்லை என்று கொண்டால் அற்புதம் தேவையில்லை.

இந்த அக்பர் பாட்டனாரானபோது என்ன செய்தார் என்பதுதான் விஷயத்தின் மையம்.

அவருடைய மூத்த பேரன் குஸ்ரு 1587-ஆம் ஆண்டில் லாகூரில் பிறந்தான். குர்ரம் அதே லாகூரில் 1592 ஜனவரியில் பிறந்தான். இருவருக்கும் தகப்பன் சலீம். அரியணை ஏறிய பிறகு ஜஹாங்கீர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். தாய்மார் வேறு வேறு ராஜபுத்திரப் பெண்கள். சலீமை அக்பர் தவமிருந்து பெற்றார். சிக்ரியில் இருந்த ஒரு பெரியவரின் ஆசியால் பிறந்த பிள்ளை என்பதால் ‘ஷேக்கு பாபா’ என்றுதான் கடைசிவரை அழைத்தார். ஆனால் பிள்ளை வளர வளரத் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் கசப்பும் வளர்ந்தது. சலீமுக்கு மதுவும் அபினும். அக்பருக்குச் சாவு வரத் தாமதம். இரண்டாவது குற்றத்தைச் சலீமால் மன்னிக்க முடியவில்லை. 1600-இல் அலகாபாத்தில் தனி தர்பார் நடத்தத் தொடங்கினார். 1602-இல் அக்பரின் உயிர் நண்பர் அபுல் பஸலை வழியில் ஆள் வைத்துக் கொல்லச் செய்தார்.

மகனிடம் ஏமாந்த தகப்பன் எங்கே திரும்புவான்? பேரனிடம் திரும்புவான். குஸ்ருவுக்கு ஏழு வயதிலேயே ஐயாயிரம் குதிரைக்குரிய பதவி அளிக்கப்பட்டது. ஏழு வயதுப் பையன் ஐயாயிரம் குதிரைகளை என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. தாய்மாமன் மான்சிங் ஒரு பக்கம், பின்னால் பெண் கொடுத்த மாமனார் அஜீஸ் கோகா ஒரு பக்கம், ‘உன் அப்பன் வேண்டாம், அடுத்த பாதுஷா நீதான்’ என்ற எண்ணத்தை வளர்த்தார்கள். அக்பர் இதை வாயால் சொன்னாரோ இல்லையோ, அவருடைய சலுகைகள் சொல்லின.

நம் வீடுகளில் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஒரு ராஜதந்திரம் தெரியும். அம்மா மிட்டாய் வேண்டாம் என்றால் பாட்டியிடம் போக வேண்டும். பாட்டி கொடுத்ததை அம்மாவிடம் சொல்லக் கூடாது. இருவரும் பேசிச் சிரித்துக்கொள்கிற வீட்டில் இது வெறும் விளையாட்டு; குழந்தை மாலைக்குள் தானே உளறிவிடும். இருவரும் முகம் பார்க்காத வீட்டில் இதுவே தொழிலாகிவிடுகிறது. யார் முகம் எப்போது சுளிக்கும், எந்தச் செய்தியை எந்த அறைக்குக் கொண்டுபோனால் எவ்வளவு கிடைக்கும் என்று அந்தப் பிஞ்சு கணக்கிடத் தொடங்குகிறது. இந்தக் காலத்தில் குழந்தை மனத்தை ஆராய்கிறவர்கள், முக்கியமாகப் பாட்டன் பாட்டி வளர்ப்பது சர்வசாதாரணமாக உள்ள சீன நாட்டில் ஆராய்கிறவர்கள், சொல்வதன் சாரமும் இதுவே. வளர்க்கிற கைகள் எத்தனை என்பதைவிட, அந்தக் கைகள் ஒன்றை ஒன்று தாங்குகின்றனவா, தட்டிவிடுகின்றனவா என்பதைப் பொறுத்தே குழந்தை பிற குழந்தைகளோடு கூடி விளையாடுவதும், விட்டுக்கொடுப்பதும், முரண்டு பிடிப்பதும் பெரும்பாலும் அமைகின்றன என்கிறார்கள். ஆக்ராக் கோட்டையில் இருந்த இரண்டு பையன்களை அவர்களுக்கு யாராவது காட்டியிருக்க வேண்டும்.

1605-ஆம் ஆண்டு, அக்பரின் கடைசி மாதங்கள். ஆக்ராவில் ஒரு யானைச் சண்டை ஏற்பாடாயிற்று. சலீமின் யானை கிரான்பாருக்கு எதிரே குஸ்ருவின் யானை. தோற்கிற யானைக்கு உதவியாக விடுவதற்கு அக்பரின் லாயத்திலிருந்து மூன்றாவது யானை ஒன்றும் நிறுத்தப்பட்டிருந்தது. அக்பர் பலகணியில் அமர்ந்து பார்க்கிறார். பக்கத்தில் பதின்மூன்று வயதுக் குர்ரம். தகப்பனும் மகனும் கீழே குதிரைமேல் இருக்கிறார்கள். சலீமின் யானை ஜெயிக்கிறது. வழக்கப்படி மூன்றாவது யானையை விடுகிறார்கள். சலீமின் ஆட்களுக்கு அது பொறுக்கவில்லை, கல்லெறிகிறார்கள். பாகனின் நெற்றியில் பட்டு இரத்தம் வழிகிறது.

பதினெட்டு வயதுக் குஸ்ரு நேரே பாட்டனாரிடம் ஓடுகிறான். தகப்பனைப் பற்றி வாய்க்கு வந்தபடி புகார் செய்கிறான். கூட்டத்தின் எதிரில், நோயாளியான கிழவரிடம், அவர் மகனைப் பற்றி! அவனுக்குச் சிறு வயது முதல் தெரிந்த வழி அது ஒன்றுதான். அக்பருக்குக் கோபம் பொங்குகிறது. குர்ரமைத்தான் கூப்பிடுகிறார். ‘உன் அப்பாவிடம் போ. இந்த யானையும் உன்னுடையது, அந்த யானையும் உன்னுடையது, எதற்காக இந்த ஆத்திரம் என்று ஷா பாபா கேட்கிறார் என்று சொல்’ என்ற கருத்தில் செய்தி அனுப்புகிறார். பையன் கீழே போகிறான். சலீம், கல்லெறியச் சொன்னது நானல்ல, எனக்கு இதில் சம்மதமுமில்லை என்கிறார். அப்படியானால் வாணவெடி போட்டு யானைகளைப் பிரிக்கலாமா என்று குர்ரம் முயல்கிறான். வெடிக்கும் மசியாமல் யானைகள் யமுனைக்குள் இறங்கிய பிறகுதான் பிரிகின்றன. பையன் மேலே வந்து, தகப்பனுக்கு இதில் சம்பந்தமில்லை என்று பதமாகச் சொல்லிக் கிழவரைச் சாந்தப்படுத்துகிறான்.

அந்தப் பகல் முழுவதையும் ஒரு கதையாக எழுத வேண்டும் என்று வெகுகாலமாக எனக்கு ஆசை. ஒரே தகப்பன், ஒரே பாட்டனார், இரண்டு பிள்ளைகள். ஒருவன் தீயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். மற்றவன் தண்ணீரை எடுத்துக்கொண்டு இறங்கினான். பிறவிக் குணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் ருகையா பேகத்தை நினைக்கிறேன். குஸ்ருவைச் சூழ்ந்திருந்தவர்களுக்கு அவனால் ஆக வேண்டிய காரியம் இருந்தது. ருகையாவுக்குக் குர்ரமால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அவனை வைத்து யாரையும் கவிழ்க்க அவள் முயன்றதாகத் தெரியவில்லை. அவனுக்குத் தகப்பனும் வேண்டியவர், பாட்டனாரும் வேண்டியவர். அக்பருக்குத் தம் மற்றக் குழந்தைகளைவிட அதிகப் பணிவிடை செய்தவன் குர்ரமே என்று ஜஹாங்கீரும் பொறாமையில்லாமல் எழுதுகிறார்.

சில வாரங்களில் அக்பர் படுத்தார். கோட்டைக்குள் மான்சிங், அஜீஸ் கோகாவின் ஆட்கள். உயிருக்கு ஆபத்து என்று சலீம் வெளியே தங்கினார். குர்ரம் மட்டும் படுக்கையை விட்டு நகரவில்லை. தகப்பன் ஆள் அனுப்பினார். தாயே நேரில் வந்து கெஞ்சினாள். ஷா பாபாவிடம் மூச்சு இருக்கும்வரை வரமாட்டேன் என்று விட்டான். அக்பர் மறைந்த பிறகுதான் பெற்ற தாயின் வீட்டுக்குப் போனான். பதின்மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த பிள்ளை. ஆனாலும் தாய்க்கும் மகனுக்கும் ஒட்டுதல் ஏற்படாமல் போகவில்லை. 1619-இல் அவள் இறந்தபோது அவன் கலங்கிய கலக்கத்தைப் பார்த்து ஜஹாங்கீரே அவன் மாளிகைக்குப் போய்த் தேற்றினார்.

குஸ்ருவின் கதையைச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன்; நீட்டினால் மனம் கசக்கிறது. மகனும் தமையனும் நடந்துகொண்ட விதம் தாங்காமல் அவன் தாய், அக்பர் காலமாவதற்குச் சற்று முன்பே அபினைத் தின்று உயிரை விட்டிருந்தாள். 1606 ஏப்ரலில், பாட்டனாரின் கல்லறையைத் தரிசிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆக்ராவிலிருந்து கிளம்பிய குஸ்ரு, பஞ்சாபுக்குப் போய்க் கலகம் செய்தான். செத்துப்போன பாட்டனார்தான் அப்போதும் அவனுக்குச் சாக்கு. தோற்றுப் பிடிபட்டான். அவனைச் சேர்ந்தவர்களைக் கழுவேற்றி, அந்த வரிசைக்கு நடுவே அவனை யானைமேல் அழைத்துச் செல்லச் செய்தார் தகப்பனார். மறு ஆண்டு இன்னொரு சதி வெளிப்பட்டதும் அவன் கண்கள் குருடாக்கப்பட்டன. பார்வை முழுவதும் போகவில்லை என்பார்கள். 1617-இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ வழியில் ஒரு மரத்தடியில் அவனைச் சந்தித்தார். இடுப்புவரை தாடி, முகத்தில் மலர்ச்சி. வெளியுலகில் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1622-இல் புர்ஹான்பூரில் இறந்தான். அப்போது அவன் குர்ரமின் காவலில் இருந்தான். கொன்றது குர்ரமின் ஆட்களே என்று அக்காலத்திலேயே பேச்சு.

தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கிய பையனா இதைச் செய்தான்? அவனேதான். பாட்டி வளர்ப்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வந்த யாரும் இந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். முகம் பார்த்துப் பேசும் வித்தை அவனுக்கு மிக நன்றாக வந்தது. அந்த வித்தை நல்ல மனசோடுதான் இருக்கும் என்பதற்கு யாரும் ஜாமீன் கொடுக்கவில்லை.

பிறகு ஜஹாங்கீர் பாட்டனார் ஆனார். குர்ரமின் இரண்டாவது மகன் ஷுஜா, நூர்ஜஹானின் அரண்மனையில் வளர்ந்தான். குழந்தைக்கு நோய் கடுமையானபோது, பிழைத்தால் இனி என் கையால் எந்த உயிரையும் சுடுவதில்லை என்று பாட்டனார் விரதம் பூண்டார். வேட்டைப் பைத்தியமான ஜஹாங்கீருக்கு அது சாமானியமான விரதம் அல்ல. காஷ்மீரில் ஒரு நாள் அதே குழந்தை பலகணியிலிருந்து தலைகுப்புற விழுந்தது. கீழே மடித்து வைத்த கம்பளமும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலைக்காரனும் தாங்கிக்கொண்டதால் பிழைத்தது. பாதுஷா வெளியே ஓடிவந்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

இவ்வளவு பாசமும் 1622-இல் குர்ரம் தகப்பனை எதிர்த்துக் கிளம்பியபோது வேறு உருவம் எடுத்தது. நான்கு வருஷம் நாடெல்லாம் ஓடி, 1626-இல் அவன் சமாதானம் கேட்டான். நிபந்தனை: கோட்டைகளோடு, பிள்ளைகள் தாராவையும் ஔரங்கசீபையும் பாட்டனாரிடம் பணயமாக அனுப்ப வேண்டும். தாராவுக்குப் பதினொன்று, ஔரங்கசீபுக்கு ஏழு. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் அன்புக்காகத் தூக்கிச் செல்லப்பட்ட குர்ரமின் பிள்ளைகள் இப்போது அடமானப் பொருளாகப் போனார்கள். அப்பாவைப் பற்றி அந்த வீட்டில் யார் என்ன பேசினார்களோ, ஏழு வயதுப் பையன் எதைக் கேட்டு எதைக் கேளாததுபோல் இருந்தானோ! அடுத்த ஆண்டு ஜஹாங்கீர் காலமானார். 1628-இன் தொடக்கத்தில் தாயைப் பெற்ற பாட்டனார் ஆஸப் கான் மூன்று பேரையும் ஆக்ராவுக்கு அழைத்து வந்து மும்தாஜிடம் ஒப்படைத்தார்.

முப்பது வருஷம் கழித்து, 1658 ஜூன் மாதம், அந்த ஏழு வயதுப் பையன் சைனியத்தோடு ஆக்ராக் கோட்டையை முற்றுகையிட்டு, உள்ளே போகும் தண்ணீரை நிறுத்தினான். கோட்டை பணிந்ததும் ஔரங்கசீப் தாம் உள்ளே போகவில்லை. மூத்த மகன் முகம்மது சுல்தானை, பதினெட்டு வயதுப் பேரனை, ஷாஜஹானிடம் அனுப்பினார். பாட்டனாரைக் காவலில் வைப்பது அவன் பொறுப்பு. அப்போது ஷாஜஹான் பேரனுக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பி, நீ என் பக்கம் சேர்ந்தால் உன்னையே பாதுஷா ஆக்குகிறேன் என்று சத்தியம் செய்ததாகப் பிரெஞ்சு வைத்தியர் பெர்னியர் எழுதுகிறார். பையன் மறுத்துவிட்டான். கோட்டைச் சாவிகளைத் தகப்பனாரிடம் சேர்த்தான். மறு ஆண்டே தகப்பனோடு மனக்கசப்புக் கொண்டு, பெரியப்பா ஷுஜாவின் பக்கம் ஓடினான். திரும்பி வந்தபோது ஔரங்கசீப் அவனைக் குவாலியர் கோட்டையில் அடைத்தார். பாட்டனார் இன்னும் ஆக்ராவில்தான் சிறை இருந்தார்.